நூதனசாலையும் நடுநிலையும்

எல்லைப்புறப் போர்களின் வரலாற்றைக் காட்சிப்படுத்தும் நூதனசாலை யாருடைய சான்றுகளைக் கொண்டு பேசவேண்டும்? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து அனுபவம் இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றது. அங்கு 1864 நவம்பர் 29ஆம் நாள், சாண்ட் கிறீக் ஓடைக்கரையிற் கூடாரமிட்டிருந்த ஷயான், அரப்பாஹோ என்னும் முதற்குடி மக்களை அமெரிக்கப் படையினர் தாக்கினர். கொல்லப்பட்ட ஏறத்தாழ 230 பேரிற் பெரும்பாலானோர் பெண்களும் சிறுவரும் முதியோருமாவர். 2012இல் டென்வர் நகரில் திறக்கப்பட்ட புதிய நூதனசாலை இப்படுகொலையைக் காட்சிப்படுத்தியது. தம்மை முறையாகக் கலந்தாலோசிக்கவில்லையென வழித்தோன்றல்கள் எதிர்த்தமையால் அக்காட்சி 2013இல் மூடப்பட்டது. அவர்களோடு இணைந்து உருவாக்கப்பட்ட மறுகாட்சி 2022இலேயே திறக்கப்பட்டது.

பாதிக்கப்பட்டோரின் சொல்லுக்கு இடமளித்தால் நடுநிலை கெடும் என வாதிப்போர் உளர். இவ்வாதம் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. துயருற்றோரின் நினைவும் பிழைபடக்கூடும். ஆயின், எல்லைப்புற ஆவணங்களிற் பெரும்பகுதி படையினராலும் அதிகாரிகளாலும் எழுதப்பட்டவை. அவற்றை மட்டுமே சான்றாகக் கொள்பவர் தம்மையறியாமலே வென்றோர் பக்கம் சாய்ந்துவிடுகின்றனர். வழித்தோன்றல்களின் வாய்மொழி மரபும், ஆவணத்தைப் போலவே, ஆராய்ந்து கொள்ளப்படவேண்டிய சான்றாகும். அதனையும் கேட்டறிந்த பின்னரே நூதனசாலை தன் முடிபைச் சுவரில் எழுதுதல் தகும்.