திருப்பி அனுப்பியவர்களுக்கும் ஒரு பதிவேடு

புற்றுநோய் எலும்புவரை பரவியவருக்கு இரவு நகராது. படுத்தால் இடுப்பில் குத்தும். தலையணையை மடியில் அழுத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் விழித்திருக்கும் மகளால் முதுகைத் தடவிவிட மட்டுமே முடியும். நான்கு மணி நேரத்துக்கொரு மார்ஃபின் மாத்திரை அவரைத் தூங்க வைத்திருக்கும். அந்த மாத்திரை கிடைப்பது நோயின் கடுமையைப் பொறுத்தல்லாமல் அவர் பிறந்த ஊரைப் பொறுத்து அமைவது நியாயமா?

உலகம் ஓராண்டில் பெறும் மார்ஃபின் வகை வலிநிவாரணிகள் ஏறத்தாழ 298.5 டன், மிக ஏழை நாடுகளுக்குச் சேர்வது அதில் 0.1 டன்தான் என்று 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் பெற்று, மார்ஃபினுக்கு மூலமான அபின் பயிரிடும் இந்தியாவிலேயே இந்தப் பஞ்சம் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்று மிரட்டியது. மாநிலத்துக்கு மாநிலம் பல உரிமங்கள் கேட்கப்பட்டன. எதற்கு வம்பு என்று மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டம் தளர்ந்தும் பழைய அச்சம் முழுதாகப் போகவில்லை.

அந்தச் சட்டத்தின் பின்னிருந்த, மருந்துக்கு அடிமையாவார்கள் என்ற அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. 2012இல் அமெரிக்க மருத்துவர்கள் இவ்வகை மருந்துகளுக்கு 25.9 கோடி சீட்டுகள் எழுதினார்கள். ஹவாய் மாநிலத்தைப் போல அலபாமா மாநிலத்தில் ஆளுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. அலபாமாக்காரருக்கு வலி மூன்று மடங்கு இல்லை. எழுதும் பழக்கம்தான் கூடுதல். ஆக்ஸிகான்டின் என்ற இவ்வகை மாத்திரை அடிமைப்படுத்தும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக, அதைத் தயாரித்த பர்டியூ நிறுவனம் 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனையோ வீடுகள் பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தன.

இரண்டு தீமைகளையும் எடைபோடும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். மிகுமருந்தால் இறந்தவரின் சான்றிதழில் காரணம் பதிவாகிறது. மூன்று மாதம் துடித்து இறந்தவரின் சான்றிதழில் புற்றுநோய் என்று மட்டுமே இருக்கும். துடித்த நாட்கள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அதனால் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று தோன்றுகிறது. யாருக்குப் பாதுகாப்பு? கையெழுத்துப் போடுகிறவருக்கு.

1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணப் பணி வேறு வழியைக் காட்டியது. அங்கே செவிலியரும் தன்னார்வலர்களும் வீடு தேடிப் போகிறார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டு, அதற்கேற்ப அளவைக் கூட்டவோ குறைக்கவோ வழிசெய்கிறார்கள். 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. அலபாமாவில் மிகுந்ததும் பிற இடங்களில் மறுக்கப்பட்டதும், நோயாளியின் அருகே இப்படி உட்கார ஆளில்லாததால்தான்.

எச்சரிக்கை வேண்டும். அதைக் கடைப்பிடிக்கும் உழைப்பை மருத்துவரும் அரசும் ஏற்க வேண்டுமே தவிர, வலியில் கிடப்பவர் தலையில் கட்டுவது அறமாகாது. கொடுத்த ஒவ்வொரு மார்ஃபின் மாத்திரைக்கும் மருத்துவமனைகள் பதிவேடு வைக்கின்றன. வலியோடு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கும் ஒரு பதிவேடு வைக்கட்டும்.