உத்தியோகத்தை விட்டுக் கலையை நாடலாமா?



கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்கும் ஒருவன், "இதை விட்டுவிட்டுச் சித்திரம் தீட்டப் போகிறேன்" என்றால் வீட்டில் புயல் வீசுகிறது. "உனக்கென்ன பைத்தியமா?" என்கிறார் தகப்பனார். "என் மனம் அதில்தான் இருக்கிறது" என்கிறான் மகன். யார் பக்கம் நியாயம்? இரண்டு மனிதரின் சரித்திரத்தைக் கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

முதலாமவர் பிரெஞ்சு ஓவியர் பால் கோகன். 1848-ம் வருடம் பாரிஸில் பிறந்தவர். அந்நகரத்துப் பங்குச் சந்தையில் தரகுத் தொழில் செய்து நன்றாகச் சம்பாதித்தவர். டென்மார்க் தேசத்தைச் சேர்ந்த மெட்டே என்பவரை 1873-ல் மணந்தார், பிள்ளைகள் ஐவர். ஓய்வு நேரத்தில் தூரிகை பிடித்துப் பழகினார். 1882-ல் சந்தை சரிந்து வருமானம் குன்றியது. மறு வருடம், இனி ஓவியமே தொழில் என்று தீர்மானித்தார். படங்கள் விலைபோகவில்லை. குடும்பம் டென்மார்க் போய்ச் சேர்ந்தது. அங்கே மெட்டே பிரெஞ்சு கற்றுக்கொடுத்தும் மொழிபெயர்த்தும் பிழைப்பு நடத்தினார். கோகன் 1885-ல் பாரிஸ் திரும்பினார். 1891-ல் தஹீத்தித் தீவுக்குக் கப்பலேறினார். 1897-ல் மகள் அலின் 19 வயதில் இறந்தபோது தகப்பன் அத்தீவில் இருந்தார்.

இரண்டாமவர் அமெரிக்க சங்கீத மேதை சார்லஸ் ஐவ்ஸ். 1898-ல் யேல் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, நியூயார்க்கில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பின்னர் கூட்டாளி ஒருவரோடு சொந்த ஏஜென்ஸி தொடங்கி, 1930-ல் ஓய்வு பெறும்வரை அத்தொழிலிலேயே இருந்தார். இராத்திரியிலும் விடுமுறையிலும் சங்கீதம் எழுதினார். அவருடைய மூன்றாம் சிம்பொனி 1946-ல்தான் அரங்கேறியது. மறு வருடம் புலிட்சர் பரிசு பெற்றது.

இதைக் கேட்டதும் ஐவ்ஸ் நல்லவர், கோகன் கெட்டவர் என்று தீர்ப்பிட்டுவிடாதீர்கள். உத்தியோகத்தை விடாதிருப்பதற்கும் விலை உண்டு. ஐவ்ஸ் 1918-ல் கடும் நோயில் விழுந்தார். 1920-களின் கடைசிக்குள் புதிதாகச் சங்கீதம் இயற்றுவது நின்றேபோயிற்று. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. ஐவ்ஸின் விலையைப் பெரும்பாலும் ஐவ்ஸே கொடுத்தார். கோகனின் விலையில் பெரும்பங்கை மனைவியும் மக்களும் கொடுத்தார்கள்.

"ஆனாலும் சுவாமி, கோகன் தரகராகவே இருந்திருந்தால் உலகத்துக்கு அந்த ஓவியங்கள் கிடைத்திருக்குமா?" என்று கேட்பீர்கள். கிடைத்திராமல் போயிருக்கலாம். ஆயினும் பலன் நன்றாயிருப்பதால் வழி நியாயமாகிவிடாது. மேலும், 1883-ல் அந்தப் பலனை யார் அறிந்தார்? ஐந்து பிள்ளைகளுக்கும் சோறு வேண்டும் என்பது மட்டும் நிச்சயமாய்த் தெரிந்திருந்தது.

நீதி என்னும் புண்ணியம் அவரவர்க்குச் சேரவேண்டியதை அவரவர்க்குச் செலுத்துவது. தன் சுகத்தை, பெரிய வீட்டை, ஊரார் மரியாதையை ஒருவர் கலைக்காக இழக்கலாம், அவை அவருடையவை. பிள்ளையின் சாப்பாடும் படிப்பும் பிள்ளையுடையவை. பிறருடையதை எடுத்துக் கொடுத்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயரிடலாகாது.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. கலியாணமாகாத, கடனில்லாத, தன் கையே தனக்கு உதவி என்று நிற்கும் பிள்ளையை நாம் தடுப்பது எதற்காக? சம்பந்தம் பேசும்போது கம்பெனியின் பெயரைச் சொல்லவேண்டும் என்பதற்காகவா? பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட ஐம்பது வயதுக்காரர் உளி எடுத்தால் நகைப்பதெதற்கு? அங்கே நாம் காப்பது சோற்றையல்ல, வீண் கௌரவத்தையே. பெற்ற திறமையைப் புதைத்து வைக்கும்படி ஒருவரை நெருக்குவதும் அநீதியே.

ஆகையால் இந்தக் கேள்வி எழும் வீடுகளில் சண்டைக்கு முன்னே கணக்கு நோட்டை எடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, கடன் எவ்வளவு, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும், எதைக் குறைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று எழுதுங்கள். வளர்ந்த பிள்ளைகளையும் கேளுங்கள். பயந்து தலையாட்டுவது சம்மதமல்ல. எல்லாரும் மனதார ஒப்பினால் தைரியமாய்ப் புறப்படலாம். ஒப்பாவிட்டால், ஐவ்ஸைப் போல இராத்திரியில் விளக்கேற்றி ஆரம்பிக்கலாம். அதற்கு ஒருவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.