மீதியை வெள்ளித்திரையில் காண்க

ஒரு நூலில் உள்ள விஷயம், அந்நூல் கடைக்கு வருமுன்னரே திருட்டுத்தனமாய் வெளிப்பட்டுவிடுமானால், அதை விலை கொடுத்து வாங்க எண்ணியிருந்தோரின் ஆவல் குறையுமா, பெருகுமா? இக்கேள்வி சென்ற மாதம் கிள்ளானில், தெங்கு கிளானா சாலையில் ஒரு தேநீர்க் கடையில் நம்மிடம் கேட்கப்பட்டது. கேட்டவர் ஓர் இளைஞர். வார இறுதியில் நண்பர் ஐவரைக் கூட்டி, ஆளுக்கொரு வேடம் பூண்டு, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டில் பெரும் பற்றுடையவர். அவ்விளையாட்டின் புதிய பதிப்பைப் பற்றி ஒரு முன்னோட்ட நூல் வரவிருந்ததாம். வாங்கக் காத்திருந்தாராம். அதற்குள் அதன் பக்கங்கள் கைபேசியில் வந்து சேர்ந்துவிட்டன. "இனி வாங்குவதா, விடுவதா?" என்பது அவர் பிரச்சினை.

நாம் தோட்டத்துக் கிராணி. செம்பனைக் குலைகளை எண்ணிக் கணக்கெழுதுவதே நம் தொழில். பகடையும் பூதமும் நமக்குத் தூரம். ஆயினும் இக்கேள்வி வீட்டுக்கு வந்த பின்னும் நம்மை விடவில்லை. அதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

வெளிப்பட்டால் விற்பனை கெடும் என்போர் ஒரு சாரார். உலக அனுபவம் அவர்களுக்கு முழுதும் சாதகமாயில்லை. ஹாரி பாட்டர் கதையின் ஏழாம் நூல் 2007 ஜூலை 21-இல் வெளிவந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே அதன் பக்கங்களை எவரோ படம் பிடித்து இணையத்தில் இட்டுவிட்டனர். முடிவு தெரிந்துவிட்டது. எனினும் அமெரிக்காவில் மட்டும் முதல் நாளில் 83 இலட்சம் பிரதிகள் விற்றன. நம் நாட்டில் அந்நாளில் நடந்தது வேறொரு வேடிக்கை. பேரங்காடிகள் ஏறத்தாழ 110 வெள்ளிப் புத்தகத்தை 70 வெள்ளிக்குக் கொடுக்க முன்வந்தன. அதைக் கண்டித்துப் பெரிய புத்தகக் கடைகள் நான்கு அந்நூலை விற்கமாட்டோம் என்று நிறுத்தி வைத்தன. கசிந்த இரகசியத்தைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாக நினைவில்லை. நாற்பது வெள்ளியைப் பற்றியே எங்கும் பேச்சு! 2013-இல் பவன் கல்யாண் நடித்த 'அத்தாரிண்டிகி தாரேதி' என்னும் தெலுங்குப் படம் திரைக்கு வருமுன் அதன் பெரும் பகுதி இணையத்தில் வெளியாயிற்று. படமோ பெருவெற்றி கண்டது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாரந்தோறும் வந்து, வீடுதோறும் கிழித்துத் தைத்துப் பாதுகாக்கப்பட்ட கதை. முடிவு தெரியாதவர் யார்? இருந்தும் 2022-இலும் 2023-இலும் அதன் இரு பாகங்களும் படமாக வந்தபோது கோலாலம்பூரிலும் மக்கள் குடும்பத்தோடு சென்று பார்த்தனர்.

ஆகவே, அறிந்ததை மீண்டும் விரும்புவது மனித இயல்பு என்று சொல்லி நாம் பேனாவை மூடியிருக்கலாம். ஆனால் அந்த இளைஞர் கேட்டது கதைப் புத்தகத்தைப் பற்றியன்று, முன்னோட்ட நூலைப் பற்றி. அங்கேதான் சிக்கல்.

நம் பாட்டியாரின் தகரப் பெட்டியில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் சில இருந்தன. 1931-இல் தமிழ்ப் பேசும்படம் பிறந்த பின், கொட்டகை வாசல்களில் இவை விற்கப்பட்டு வந்தன. உள்ளே பாட்டுகளும், கதைச் சுருக்கமும் இருக்கும். கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவாள், அல்லது கதாநாயகன்மீது கொலைப்பழி விழும். உடனே, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிந்துவிடும். இதுவே நம்மவர் கண்ட முன்னோட்ட நூல். இது சிறிது வெளியிட்டது, ஆவலைத் தூண்டிற்று, தானும் காசுக்கு விற்றது. எவ்விடத்தில் நிறுத்துவது என்பதைப் படக்காரரே தீர்மானித்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். படம் பார்த்துத் திரும்பிய பின்னும் அது வீணாகவில்லை. பாட்டு இருந்ததல்லவா? பாட்டியார் அதைப் பார்த்துப் பாடியே நம்மைத் தூங்க வைத்தார்.

பாட்டு இல்லாத முன்னோட்ட நூலின் கதி என்ன? 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது 1974-இல் அமெரிக்காவில் தோன்றிய, இவ்வகை விளையாட்டுகளின் மூதாதை. அதன் நான்காம் பதிப்பு 2008 ஜூனில் வந்தது. அதற்கு முன், 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் இரண்டு முன்னோட்ட நூல்களை அதன் உரிமையாளர் விலைக்கு விற்றனர். விளையாட்டின் மூலநூல் கசிந்தாலும் அதற்கு ஒரு காவல் உண்டு: மேசையில் வைத்துப் புரட்டி ஆடுவதற்கு அது மீண்டும் மீண்டும் வேண்டும். முன்னோட்ட நூல் விற்பதோ "முன்" என்னும் ஒன்றைத்தான். அதை வேறொருவன் முந்திக் கொடுத்துவிட்டால், எஞ்சுவது சித்திரங்களும், ஏன் இப்படி மாற்றினோம் என்று ஆக்கியோர் எழுதிய விளக்கமுமே. அவற்றை விரும்புவோன் வாங்குவான். செய்தியை மட்டும் விரும்பியவன் வாங்கான். ஆகவே கசிவு பெருநூலைக் காட்டிலும் முன்னோட்ட நூலையே அதிகம் தாக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

உரிமையாளர் சும்மா இருப்பதுமில்லை. 2009 ஏப்ரலில் அந்நிறுவனம் தன் புதிய நூலொன்றின் மின்படியைப் பரப்பியதாக எட்டுப் பேர்மீது வழக்குத் தொடுத்ததோடு, தன் நூல்களின் மின்படி விற்பனையையே அடியோடு நிறுத்திவிட்டது. மீண்டும் தொடங்கியது 2013-இல். எட்டுப் பேர் செய்ததாகச் சொல்லப்பட்டதற்கு, காசு கொடுத்து வாங்கிய ஆயிரவர் நான்காண்டு தண்டனை அனுபவித்தனர்!

நிற்க. நம் சொந்த விஷயத்துக்கு வருவோம்.

நம் நண்பர் ஒருவர் கிள்ளானில் ஆசிரியர். மூடப்பட்ட ஒரு தோட்டத்தைப் பற்றிச் சிறு நாவல் எழுதினார். பிழை திருத்தித் தரும்படி அச்சுப்படியை நமக்கு அனுப்பினார். ஆங்கிலப் பள்ளியில் படித்த நமக்கு அந்த மதிப்பு பெரிதாய்த் தோன்றிற்று. பெருமை தாளாமல் மைத்துனர் ஒருவருக்கு மட்டும், "யாருக்கும் அனுப்பாதீர்கள்" என்ற வார்த்தையோடு, அனுப்பினோம். இரண்டே நாளில் அது தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து, அங்கிருந்து நமக்கே திரும்பி வந்தது!

பிரிக்பீல்ட்ஸில் நூல் வெளியீட்டு விழா நடந்தது. அச்சிட்டவை 300. விற்காத 170 பிரதிகள் நண்பரின் கட்டிலடியில் இன்றும் இருக்கின்றன. நம்மால் விற்காமற் போயினவா? கைபேசியில் படித்துவிட்டு, "இதை வீட்டில் வைக்க வேண்டும்" என்று வாங்கியோர் ஒன்பது பேரை அறிவோம். "அதான் படித்தாயிற்றே" என்று கைவிட்டோர் நால்வரையும் அறிவோம். விழாவுக்கு வந்தோரில் பலர் மொய் எழுதுவதுபோல் உறவுக்காக வாங்கினர். அவர்கள் எப்படியும் வாங்கியிருப்பர். கணக்கு நமக்குச் சாதகமாகவே முடிகிறது. பல இரவுகள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே உறங்கினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆனால் விழாவில் நடந்த ஒன்று எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. நாம் படித்த அச்சுப்படியில், கதையின் கிழவி கடைசியில் லாரி ஏறித் தோட்டத்தை விட்டுப் போகிறாள். அச்சேறுவதற்கு முந்தின வாரம் நண்பர் அதை மாற்றிவிட்டார். நூலில் அவள் போக மறுத்து, காலி லயத்தில் விளக்கேற்றி உட்கார்ந்துவிடுகிறாள். நம் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து, அந்த லாரிக் காட்சியைச் சொல்லிக் கண் கலங்கினார். சபை கை தட்டிற்று. நண்பர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பின் புன்னகை செய்து, நன்றி கூறி, அடுத்தவரை அழைத்தார். எவர் கொடுத்தார் என்று இன்றுவரை அவர் கேட்கவில்லை.

"அவருக்கு விளம்பரம்தானே கிடைத்தது?" என்று மைத்துனர் கேட்கிறார். இருக்கலாம். செம்பனைக் காட்டில், பழம் உதிரத் தொடங்காத குலையை வெட்டியவன் பேருக்கு நேரே குறி போடுவது நம் வேலை. அவன், "எடை சரியாய் இருக்கிறதே, ஐயா" என்பான். எடை இருக்கும், எண்ணெய் குறையும். நண்பர் தம் கதை முற்றியதென்று இன்னும் சொல்லவில்லை. நாம் வெட்டிவிட்டோம். விற்பனை கூடியிருந்தாலும் அந்தக் குறி அழியாது.

அந்த இளைஞருக்கு, "வாங்குவது உம் இஷ்டம், வந்த பக்கங்களை வேறெவருக்கும் அனுப்பாதீர்" என்று மட்டும் சொன்னோம். அவர் ஏற்கெனவே ஐவருக்கும் அனுப்பிவிட்டாராம்.

நண்பர் இரண்டாம் நாவலை முடித்திருக்கிறார். அச்சுப்படியை அனுப்பலாமா என்று கேட்டுச் செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. நாம் இன்னும் விடை எழுதவில்லை. இவ்விதழை அவர் வாரந்தோறும் வாங்குபவர்.