கூடலூர் வகுப்பறைக்கு இரண்டு வழக்குகள்

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் இந்திய அரசியலமைப்பு ஒரு பாடம். அடிப்படை உரிமைகள் 6, அட்டவணைகள் 12 என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் நீலகிரியின் மேற்கு ஓரத்தில், கூடலூரிலும் பந்தலூரிலும் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும், தங்கள் ஊரின் பெயரே அந்த அரசியலமைப்புக்குள் அச்சாகியிருக்கிறது என்று? ஒன்பதாவது அட்டவணையைப் புரட்டினால் 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் அதில் இருக்கிறது.

அந்தப் பெயர் அங்கே போய்ச் சேர்ந்த கதை, குடிமையியல் பாடம் முழுவதையும் தனக்குள் வைத்திருக்கிறது. கூடலூர்ப் பகுதியில் பெரும் பரப்பு ஒருகாலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். கோவிலகத்திடம் குத்தகைக்கு எடுத்துத்தான் பல தோட்டக் கம்பெனிகள் தேயிலையும் காப்பியும் வளர்த்தன. ஜென்ம உரிமையை ஒழித்து நிலத்தை அரசின் கைக்குக் கொண்டுவர 1969-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. பால்மாடீஸ் தோட்டக் கம்பெனி நீதிமன்றம் போனது. காடுகளை அரசு எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை மட்டும் ரத்து செய்தது. நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 1974-இல் 34-ஆவது திருத்தத்தின் மூலம் சட்டத்தை முழுவதுமாக ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அடிப்படை உரிமைக்கு முரண் என்று சொல்லி அந்த அட்டவணையில் உள்ள சட்டத்தை ரத்து செய்ய முடியாது என்பதுதான் அப்போதைய நிலை.

இங்கேதான் சட்டக் கேள்வி தத்துவக் கேள்வியாகிறது. உரிமை என்பது யார் கொடுத்தது? மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் கொடுத்தது என்றால், அதே மன்றம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மனிதருக்கு முன்னமே உள்ளதை அரசு ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான் என்றால், எத்தனை கைகள் உயர்ந்தாலும் அதைப் பறிக்க முடியாது. இடையில் நிற்க இடமில்லாத கேள்வி இது.

தமிழருக்கு இது புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தில் தீர விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியன், உண்மை தெரிந்த கணமே உயிர் விட்டான். அரசனுக்கும் மேலே அறம் உண்டு என்பது அந்தக் காப்பியத்தின் உறுதியான நம்பிக்கை. ஆனால் கண்ணகிக்கு அதனால் கோவலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஆள்பவரின் மனசாட்சியை நம்பிக் காத்திருந்தால் நீதி உயிர் போன பிறகுதான் வந்து சேரும். எழுதப்பட்ட அரசியலமைப்பு அந்த அறத்தை அரண்மனைக்குள்ளிருந்து எடுத்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில், முன்கூட்டியே வைக்கிறது.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில், கூடலூர்ச் சட்டம் அட்டவணையில் ஏறுவதற்கு முந்தைய ஆண்டே வந்தது. காசர்கோட்டு எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1973 ஏப்ரல் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்று பிரிந்து, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்றார்கள். ஒரு துறவியின் மடத்து நிலத்தில் தொடங்கிய சிந்தனை, 34 ஆண்டுகள் கழித்துக் கூடலூர் நிலத்தில் முழுமை பெற்றது. ஐ.ஆர். கொயலோ வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் சொல்லப்படுவது இந்த ஜென்மம் சட்டத்தைப் பற்றியதுதான். 2007 ஜனவரி 11 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட எந்தச் சட்டமும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற சோதனைக்குத் தப்பாது.

இரண்டாவது வழக்கு கடலுக்கு அப்பால் நடந்தது. அதன் விளைவு மட்டும் இந்த மலைக்கு வந்து குடியேறியது.

இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு, ஒரு சமூகத்தின் மேல் மட்டும் சுமை ஏற்றும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர்கள் இதற்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள், வாக்கும் போனது. வாக்காளர் பட்டியலில் பெயர் கேட்ட கோடாக்கன்பிள்ளையின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953-இல் தோற்றது. சட்டம் எல்லோருக்கும் பொதுவாகத்தானே எழுதப்பட்டிருக்கிறது என்றது தீர்ப்பு. 1972-இல் குடியரசு அரசியலமைப்பு வந்தபோது அந்த 29-ஆம் பிரிவே இல்லாமல் போனது.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று அவர்களின் பிரதிநிதிகளைக் கேட்டவர் இல்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி வந்தவர்களில் கணிசமானோர் நீலகிரி ஏறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டேன்டீ. இன்று கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பள்ளிகளில் அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை படிக்கிறது. பாதுகாப்புப் பிரிவு காகிதத்தில் இருந்தும் நீதிமன்றம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இவர்களுடைய பாட்டி ஒருவரின் பேச்சைவிட நல்ல பாடநூல் கிடைக்காது.

இரண்டையும் அருகருகே வைத்தால் நல்லவர் வென்றார், கெட்டவர் தோற்றார் என்று முடிக்க முடியாது. முடிக்கவும் கூடாது. கூடலூர் வழக்கில் உரிமையின் பெயரால் முதலில் வாதாடியது ஒரு தோட்டக் கம்பெனி. ஜென்மி முறையை ஒழிக்க நினைத்த அரசின் நோக்கம் நியாயமானது. அதே மண்ணில், அந்த ஜென்மம் சட்டத்தின் பெயரால் 'பிரிவு 17 நிலம்' என்று ஊரே அறிந்த இடங்களில், சிறு விவசாயிகளும் தாயகம் திரும்பியோரும் பழங்குடியினரும் பட்டாவும் மின் இணைப்பும் கேட்டுப் பல பத்தாண்டுகள் அலைந்திருக்கிறார்கள். வக்கீல் வைக்கக்கூடியவர் வீட்டுக்கே உரிமை முதலில் போய்ச் சேர்கிறது. இதை மாணவரிடம் மறைப்பது அரசியலமைப்புக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல் அதே ஒன்பதாவது அட்டவணையில்தான் சேர்க்கப்பட்டது. கூடலூர் தீர்ப்பு அதையும் தொடும். தனக்குப் பிடித்த சட்டத்துக்கும் பிடிக்காத சட்டத்துக்கும் ஒரே அளவுகோலை ஏற்க மனம் வருகிறதா என்று அந்த இடத்தில் ஒரு மாணவி தன்னையே கேட்டுப்பார்க்க முடியும்.

கூட்டாட்சிப் பாடத்தையும் இந்த மலையிலிருந்தே தொடங்கலாம். 1976-இல் 42-ஆவது திருத்தம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியவற்றில் கல்வியும் காடும் உண்டு. நிலம்பூர் கோவிலகத்தின் டி.என். கோதவர்மன் திருமுல்பாட், கூடலூர்க் காட்டில் மரம் வெட்டப்படுவதைத் தடுக்கக் கேட்டு 1995-இல் போட்ட மனுவில்தான், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் காடு என்றால் என்ன என்று வரையறுத்தது. தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள மரத்தைப் பற்றிச் சென்னையா, டெல்லியா, யார் முடிவு செய்வது என்பது இந்தப் பிள்ளைகளுக்கு அன்றாடக் கேள்வி.

அரசியலமைப்பு நாளான நவம்பர் 26 அன்று பள்ளிகளில் முகவுரை வாசிக்கப்படுகிறது. வாசிக்கட்டும். வாசித்த பிறகு நீலகிரி ஆசிரியர்கள் புத்தகத்தை மூடிவிட்டு ஒரே ஒரு பாடவேளையை இந்த இரண்டு வழக்குகளுக்கு ஒதுக்க வேண்டும். தீர்ப்பை முதலில் சொல்லாமல், பிள்ளைகளை இரண்டு பக்கமும் வாதாடவிட வேண்டும். பாடத்திட்டக் குழுவும் அடுத்த பதிப்பில் ஒன்பதாவது அட்டவணை பற்றிய பகுதியில் கூடலூரின் பெயரைச் சேர்க்க வேண்டும்.