சுவருக்குள் போகும் வேலை

யாரும் பார்க்கப் போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு வேலையை நாம் ஏன் ஒழுங்காகச் செய்ய வேண்டும்?

கேள்வி பழசுதான். நம்முடைய முகாம்களிலும் வகுப்புகளிலும் இதைப் பல தடவை பேசியிருப்போம். மனசாட்சி, தர்மம், கர்மயோகம் என்று பதிலும் கையிலேயே இருக்கும். ஆனால் கிள்ளானில் சொந்தமாகப் பைப் வேலை செய்யும் என் மாமாவோடு செமஸ்டர் விடுமுறைகளில் போய்வர ஆரம்பித்த பிறகுதான், அந்தப் பதில்கள் எல்லாம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

மாமாவுக்கு முதலாளி கிடையாது. ஒரு பழைய வேன், பைப் ரெஞ்ச், ரம்பம், ஒரு டப்பா நிறைய வாஷர், வெள்ளை டேப்பு, ஒரு கைத்தொலைபேசி. அவ்வளவுதான் கம்பெனி. காலையில் போன் வரும். "தொட்டி நிரம்பி வழியுது", "தண்ணி பில்லு டபுளா வந்திருக்கு", "ஹீட்டர்ல சூடு வரல." போன் வராத நாளில் வருமானமும் வராது. காய்ச்சல் என்று படுத்தால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் மூச்சு விட நேரம் இருக்காது.

நான் பொறியியல் மாணவன். குழாயில் ஓடும் தண்ணீரைப் பற்றிச் சமன்பாடு போட்டுத் தேர்வு எழுதியிருக்கிறேன். மாமா அதே தண்ணீரை மீட்டரைப் பார்த்தே படிப்பார். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடச் சொல்வார். தொட்டி நிரம்பி ஓய்ந்த பிறகும் மீட்டரில் இருக்கும் சின்னச் சக்கரம் மெல்லச் சுற்றினால், எங்கேயோ சுவருக்குள்ளேயோ தரைக்கடியிலேயோ கசிகிறது என்று அர்த்தம். நிமிஷத்துக்குக் கால் லிட்டர் கசிந்தால் போதும், ஒரு நாளைக்கு 360 லிட்டர். 30 நாளில் 10,800 லிட்டர். ஒரு சொட்டுகூடக் கண்ணில் படாது. பில்லில் மட்டும் தெரியும்.

இப்படிப்பட்ட கசிவு பெரும்பாலும் ஒட்டில்தான் பிறக்கிறது. பிவிசி பைப்பை ஒட்டும் கம், நாம் காகிதம் ஒட்டும் பசை மாதிரி இல்லை. அது பிளாஸ்டிக்கின் மேல்பரப்பைக் கொஞ்சம் கரைத்து, இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் வெட்டிய முனையில் பிசிறு இருக்கக் கூடாது. ஈரம், மணல் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கம் பூசி, அடி வரைக்கும் தள்ளி, கொஞ்சம் திருப்பி, அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பிறகு பல மணி நேரம் காய விட வேண்டும். கடைசியில் தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, கை பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். அதுவரை சுவரைப் பூசக் கூடாது.

இங்கேதான் பிரச்சினை. துடைக்காமல் ஒட்டிய ஒட்டும், துடைத்து ஒட்டிய ஒட்டும் வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் முதல் நாள் கசியாது. ஒழுங்காகச் சோதிக்க வேண்டும் என்றால் மறுநாள் திரும்பி வர வேண்டும். சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு அது பெட்ரோல் காசு, அரை நாள் வருமானம், டைல்ஸ் ஒட்ட வந்தவரின் முணுமுணுப்பு. சோதிக்காமல் பூசிவிட்டால் அன்றைக்கே பணம் கைக்கு வரும். அப்புறம் அந்த ஒட்டை யாரும் பார்க்கப் போவதில்லை.

சரி, இப்போது நம்முடைய பதில்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம்.

முதல் பதில், பேர் கெட்டுவிடும் என்ற பயம். பாதி உண்மை. ஆனால் மோசமான ஒட்டு மூன்று வருஷம் கழித்துக் கசியலாம். அதற்குள் வீடு கைமாறியிருக்கும். வேலை செய்தவரின் நம்பர் தொலைந்திருக்கும். "பைப்பு பழசு" என்று சொல்லி வேறு ஒருவர் வந்து உடைத்துச் சரிசெய்வார். வெறும் லாப நஷ்டக் கணக்குப் போட்டால், ஏமாற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று விடை வரும். பயத்தை மட்டும் நம்பிய ஒழுக்கம் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போகாது.

இரண்டாவது பதில், சட்டம். தீபகற்ப மலேசியாவில் 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் இருக்கிறது. அதன்படி நீர்க் குழாய் வேலை செய்பவர்களுக்கு ஸ்பான் ஆணையம் அனுமதி வழங்குகிறது. இது அவசியம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பெரிய கட்டுமானத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். வரைபடம் போடுபவர் ஒருவர், வேலை செய்பவர் இன்னொருவர், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் மூன்றாவது ஆள். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார். மாமாவின் வேலையில் இந்த மூன்று பேரும் அவர் ஒருவரே. ஒரு தாமான் வீட்டுக் குளியலறையில் ஒவ்வொரு ஒட்டுக்கும் பக்கத்தில் அதிகாரி வந்து நிற்க முடியாது.

மூன்றாவதுதான் நமக்குப் பிடித்த பதில். பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய் என்ற கீதையின் உபதேசம். ஒரு நாள் வேனில் போகும்போது இதை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அது எனக்குச் சொன்னது, ஒத்துக்கறேன். ஆனா வேலை கொடுக்கறவன் அதையே சாக்கா வச்சுக்கிட்டு காசைக் குறைச்சா, அது என்ன யோகம்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரிய நியாயம் இருக்கிறது. அந்த உபதேசம் வேலை செய்பவரைப் பார்த்துச் சொன்னது. வேலையை வாங்குபவர் அதை எடுத்துப் பேச முடியாது. மாமா ஒரு குளியலறைக்கு 350 வெள்ளி கேட்பார், மறுநாள் சோதனையையும் சேர்த்து. இன்னொருவர் 220 வெள்ளிக்கு ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்வார். வீட்டுக்காரர் யாரைக் கூப்பிடுவார்? "பாஸ், பைப்புதானே, ஏன் இவ்வளவு?" என்று பேரம் பேசும்போது, நாம் கழிக்கச் சொல்வது அந்தச் சோதனையைத்தான். சுவருக்கு வெளியே தெரியும் குழாயின் பளபளப்புக்குப் பணம் கொடுக்கிறோம். உள்ளே இருக்கும் நேர்மையை இனாமாகக் கேட்கிறோம்.

அப்படியானால் மாமாவும் 220 வெள்ளிக்குத் தகுந்த மாதிரி வேலை செய்தால் என்ன தப்பு? விலைக்கேற்ற பண்டம் என்று விட்டுவிடலாமா?

விட முடியாது என்று நினைக்கிறேன். காரணம் சொல்ல, தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துச் சூடாக்கும் ஹீட்டரை எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். 50 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அது கிட்டத்தட்ட 0.9 லிட்டர் விரியும். அந்த அழுத்தத்துக்கு வழி இல்லை என்றால் வால்வு திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே விடும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதானால், கடைசிக் காவலும் அந்த வால்வுதான். அதை அடைத்துவிட்டால், அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். தொட்டி வெடித்தால் அதில் ஒரு பகுதி நொடியில் நீராவியாகிச் சுமார் 1,600 மடங்கு இடத்தை அடைக்கப் பார்க்கும். அந்த வெடிப்பில் சுவர் நிற்காது.

ஒரு வீட்டில் அந்த வால்வு சொட்டிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் கேட்டது சின்ன விஷயம். "ஒரு மூடி போட்டு அடைச்சிடுங்க அண்ணே, சத்தம் தொல்லையா இருக்கு." பத்து நிமிஷ வேலை. மாமா மறுத்தார். வால்வை மாற்ற வேண்டும், உள்ளே வரும் தண்ணீரின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார். "வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அந்த வாடிக்கையாளர் திரும்பி வரவே இல்லை. வீட்டின் மேல்மாடி அறைகளில் வாடகைக்கு இருந்தவர்கள் மாணவர்கள். என்னைப் போன்றவர்கள்.

அந்தப் பேரத்தில் மாமா இருந்தார், வீட்டுக்காரர் இருந்தார். தினமும் அந்த ஹீட்டருக்குக் கீழே குளிக்கும் மாணவர்கள் இல்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவர்களுக்கு வால்வு என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. பைப்காரருக்குத் தெரியும். தெரிந்தவர் என்ற ஒரே காரணத்தால் அவர் அவர்களுக்குக் கடன்பட்டவர் ஆகிறார். பணம் கொடுப்பவரோடு விலையைப் பற்றிப் பேசலாம், கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் பேச்சில் இல்லாத ஒருவரின் பாதுகாப்பைக் குறைத்துக் கொடுக்க இரண்டு பேருக்குமே உரிமை கிடையாது. கட்டுப்படியாகாத விலை என்றால் வேலையை மறுக்கலாம். ஏற்றுக்கொண்டு மறைவாகக் குறைக்க முடியாது.

என் முதல் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். யாரும் பார்க்காத வேலையையும் யாரோ ஒருவர் பயன்படுத்துகிறார். அவர் யாரென்று தெரியாது. கடமை அவருக்கு.

அதே நேரம், மாமாவின் கேள்வியும் அப்படியே நிற்கிறது. மறுத்தவர் ஒரு வாடிக்கையாளரை இழந்தார். அந்த நஷ்டத்தை அவர் ஒருவரே சுமந்தார். நல்ல வேலைக்காரர்கள் எத்தனை தடவை இப்படித் தோற்றுப் பிழைக்க முடியும்? ஒழுங்கானவரைப் பட்டினி போடும் ஒரு சந்தையை நடத்திக்கொண்டு, "இந்தக் காலத்துல நம்பிக்கையான பிளம்பரே கிடைக்கறதில்ல" என்று நாம் புலம்புவதில் அர்த்தமில்லை.

நம்மால் செய்ய முடிந்தவை சிலது உண்டு, நண்பர்களே. வீட்டுக்கு ஆள் வரும்போது "எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன் "டெஸ்ட் பண்ணிட்டுப் பூசுவீங்களா, அதுக்கு எவ்வளவு நேரம் வேணும்?" என்று கேளுங்கள். அந்த நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். வந்து பார்த்து வெறும் வாஷர்தான் போயிருக்கிறது, கடையில் வாங்கி நீங்களே மாட்டலாம் என்று உண்மையைச் சொல்பவருக்கு, வந்துபோன கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். பெரிய பழுது என்று சொல்லி ஏமாற்றியிருந்தால் அவருக்கு அதைவிட நிறையக் கிடைத்திருக்கும். அதைக் கொடுக்காமல் அனுப்பினால், அடுத்த வீட்டில் பொய் சொல்ல நாமே அவருக்குப் பாடம் நடத்துகிறோம்.

இன்னொன்று. "ஒழுங்காப் படிக்கலைன்னா பைப் வேலைக்குத்தான் போகணும்" என்று நம் வீடுகளில் பிள்ளைகளை மிரட்டுவது உண்டு. அடுத்த தடவை காதில் விழுந்தால், மரியாதையாக ஆனால் தெளிவாக மறுத்துப் பேசுங்கள். நாளை நான் பட்டம் வாங்கி ஒரு வரைபடத்தில் கையெழுத்துப் போடும்போது, என் தவறைப் பிடிக்க இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். மாமாவுக்கு அப்படி யாரும் இல்லை. ஆளில்லாத இடத்தில் மறுநாள் திரும்பி வந்து முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த அரை மணி நேரம், படிப்பில் தோற்றவர்கள் போய்ச் சேரும் இடம் இல்லை. நம்மில் எத்தனை பேரால் அங்கே உட்கார முடியும் என்று கேட்டுப் பார்ப்போம்.