ஆயிரங்காலத்துப் பயிரும் அரைநாள் பந்தலும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் எச்சரித்தனர். அதே முன்னோர்தாம் திருமணத்தை ஆயிரங்காலத்துப் பயிர் என்றும் போற்றினர். முதற்சொல் பந்தலையும் பந்தியையும் பற்றியது. மற்றது, பந்தல் பிரித்தபின் தொடங்கும் வாழ்வைப் பற்றியது. இன்று நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் நடைபெறும் திருமண ஏற்பாடுகளை நோக்குங்கால், முதற்சொல்லுக்கே நம் கவனம் முழுவதையும் கொடுத்துவிட்டோமோ என்னும் ஐயம் எழுகிறது. இதற்குப் பெற்றோரின் தீய எண்ணம் காரணமன்று. வழிவழியாக நம்மிடையே ஊறிப்போன சில தவறான கருத்துகளே காரணம். அவற்றுள் சிலவற்றை நாம் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, மண்டபம் கிடைத்த நாளே திருமண நாள் என்னும் கருத்து. மண்டபம், சமையற்காரர், ஒளிப்பதிவாளர், அழைப்பிதழ் என்று அனைத்தும் முடிந்தபின், இறுதியாகப் பங்குத்தந்தையின் இல்லத்துக்கு வருகிறார்கள். திருமுழுக்குச் சான்றிதழும், திருமண முன்தயாரிப்புப் பயிற்சிச் சான்றிதழும், ஓலை வாசிப்பும் அலுவலகத்தில் வாங்கவேண்டிய தாள்களாகிவிடுகின்றன. ஆடி மாதத்தையும் இராகு காலத்தையும் அமைதியாகத் தவிர்த்துவிட்டு வருவோரும் உண்டு. ஆனால் திருமணத் தயாரிப்பு அழைப்பிதழ் அச்சிடும் நாளில் தொடங்குவதன்று. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில், இத்தயாரிப்புக்குத் தொலைநிலை, அண்மைநிலை, உடனடிநிலை என மூன்று கட்டங்களைக் குறிப்பிட்டார். தொலைநிலைத் தயாரிப்பு குழந்தைப் பருவத்திலேயே, வீட்டிலேயே தொடங்குகிறது. தந்தை தாயிடம் எவ்வாறு பேசுகிறார் என்று பார்த்து வளரும் மகன், அறியாமலேயே கணவனாகப் பயிற்சி பெறுகிறான்.

இரண்டாவது, செலவே கௌரவம் என்னும் கருத்து. ஊரார் மெச்சவேண்டும் என்பதற்காக நகையை அடகுவைத்தும், வட்டிக்கு வாங்கியும் விருந்து படைக்கின்றனர். மொய்ப்பணம் வந்து கடனை அடைத்துவிடும் என்று கணக்கிடுகின்றனர். மொய் என்பதும் திருப்பிச் செய்யவேண்டிய கடனே என்பதை அப்போது மறந்துவிடுகின்றனர். இதற்கு நேர்மாறாக, விருந்தே வேண்டாம், எளிமைதான் புனிதம் என்று சொல்வதும் முழு உண்மையன்று. கானாவூரில் ஆண்டவர் திராட்சை இரசமாக மாற்றிய நீர், ஆறு கற்சாடிகளில் 450 லிட்டருக்கும் மேற்பட்டது. இல்லாத வீட்டார் நாணாதபடி காத்தவர் அவர். விருந்தின் மகிழ்ச்சியை அவர் பகைக்கவில்லை. எனவே நாம் கேட்கவேண்டிய கேள்வி, விருந்து பெரிதா சிறிதா என்பதன்று. இவ்விருந்து அன்பினால் பிறந்ததா, அச்சத்தினால் பிறந்ததா என்பதே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2016-இல் வெளியிட்ட தம் ஊக்கவுரையில், உடையும் விருந்தும் பணத்தை மட்டுமன்றி மணமக்களின் ஆற்றலையும் மகிழ்ச்சியையும் உறிஞ்சிவிடுவதையும், அவர்கள் களைத்துச் சோர்ந்து பீடத்தின் முன் வருவதையும் வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார்.

மூன்றாவது, கேட்டு வாங்கினால்தான் வரதட்சணை என்னும் கருத்து. "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் மகளுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று மணமகன் வீட்டார் பெருந்தன்மையோடு சொல்கின்றனர். அச்சொல்லில் ஒரு கேள்விப்பட்டியலே ஒளிந்திருப்பதைப் பெண்ணைப் பெற்றவர் நன்கு அறிவார். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் வாங்குவதைப் போலவே கொடுப்பதையும் குற்றமாக்கியுள்ளது. நாட்டின் சட்டமே இவ்வளவு சொல்லும்போது, நற்செய்தியின் சட்டம் அதனினும் குறைவாகவா கேட்கும்? ஒரு பெண்ணின் மதிப்பைச் சவரனில் நிறுத்தவர், மறுநாள் அவளைக் கடவுளின் சாயல் என்று எப்படிக் காண்பார்?

இம்மூன்றினும் ஆழமான தவறு ஒன்று உண்டு. அதைப் பற்றியே நாம் சற்று விரிவாகச் சொல்ல விழைகிறோம். நிச்சயதார்த்தம் முடிந்தது, ஓலை வாசித்தாயிற்று, அழைப்பிதழும் கொடுத்தாயிற்று. ஆகவே இனிப் பின்வாங்க வழியில்லை என்பதே அத்தவறு.

திருமணத்தை எது உருவாக்குகிறது? தாலியன்று, விருந்தன்று, குருவின் கரம் உயர்த்திய ஆசியும் தனியே அன்று. திருச்சபையின் முன்னிலையில், சாட்சிகளுக்கு முன்பாக, முறைப்படி வெளிப்படுத்தப்படும் இருவரின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது. இச்சம்மதத்துக்கு ஈடாக எந்த மனித ஆற்றலும் நிற்க இயலாது என்று திருச்சபைச் சட்டம் 1057 கூறுகிறது. தந்தையின் வாக்கும் ஈடாகாது. தாயின் கண்ணீரும் ஈடாகாது. வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ பெறப்பட்ட சம்மதம் செல்லாது என்று 1103-ஆம் சட்டம் உரைக்கிறது. நிச்சயதார்த்த வாக்குறுதியைக் காட்டி ஒருவரைத் திருமணத்துக்குக் கட்டாயப்படுத்த உரிமையில்லை என்பதும் 1062-ஆம் சட்டத்தின் தெளிவான போதனை.

அப்படியானால் ஓலை எதற்கு? அது திருமணத்தைப் பூட்டிவிடும் பூட்டன்று. 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கமும், 1563-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கமும் இவ்வறிவிப்பைக் கட்டளையிட்டது, தடை ஏதும் இருப்பின் அது வெளிப்படவேண்டும் என்பதற்காகவே. அதாவது, நிறுத்திச் சிந்திப்பதற்கென்றே திருச்சபை திறந்துவைத்த வாயில் அது. நாமோ அதே வாயிலை அடைத்துவிட்டு, அதன் பெயராலேயே பிள்ளைகளின் வாயையும் அடைக்கிறோம்.

திருமணத்துக்கு முன் மணமகளையும் மணமகனையும் தனித்தனியே அழைத்து வினவும் கடமை பங்குத்தந்தைக்கு உண்டு. "முழு மனத்தோடுதான் சம்மதிக்கிறாயா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு விடையளிக்கின்றனர். சிலரோ தலைகுனிந்து நிற்கின்றனர். "அப்பா கடன் வாங்கிவிட்டார், சாமி. இனி நான் என்ன சொல்வது?" இவ்விடையில் ஆம் என்னும் சொல் எங்கே இருக்கிறது? மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் பேசுகிறது, அச்சிட்ட அழைப்பிதழ் பேசுகிறது, மணப்பெண் பேசவில்லை. நம் வழக்கில் பெண்ணின் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. பீடத்தின் முன் அது போதாது. மனமுவந்து வந்தாயா, வாழ்நாளெல்லாம் அன்பு செய்வாயா, மக்களை அன்போடு ஏற்பாயா என்று திருச்சபை வாய்திறந்து கேட்கிறது. வாய்திறந்த விடையையே எதிர்பார்க்கிறது.

"அப்படியே நிறுத்திவிட்டால் ஊர் என்ன பேசும்? பெண்ணுக்கு மறுபடி வரன் அமையுமா?" என்று பெற்றோர் கேட்பர். இது வெற்றுக் கேள்வியன்று. நின்றுபோன திருமணத்தின் பழி பெரும்பாலும் பெண்ணின் தலையிலேயே விழுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. திருமணத்துக்கு முந்தைய இயல்பான கலக்கம் ஒவ்வொன்றும் மறுப்பாகிவிடாது என்பதும் மெய்யே. வீட்டைப் பிரியும் துயரமும், புதிய வாழ்வைப் பற்றிய நடுக்கமும் பொறுமையான உரையாடலில் கரைந்துவிடும். ஆனால் மறைத்துவைத்த குடிப்பழக்கம், சொல்லாத நோய், மற்றொருவரிடம் பறிகொடுத்த மனம், வற்புறுத்திப் பெற்ற ஒப்புதல் ஆகியவை தாலி கட்டியவுடன் மறைந்துவிடுவதில்லை. ஒரு நாள் தலைக்குனிவுக்கு அஞ்சி ஓர் ஆயுளைப் பணயம் வைப்பது எந்த அறம்? ஊர்ப்பேச்சு சில மாதங்களில் ஓய்ந்துவிடும். உண்மையற்ற சம்மதத்தின் சுமையோ இன்னும் பிறவாத பிள்ளைகளின் தோளிலும் ஏறும்.

இங்கே பெற்றோருக்கு மட்டுமன்று, பங்குச் சமூகம் முழுவதற்கும் ஒரு கடமை உண்டு. பெண் அஞ்சுவது தந்தையை மட்டுமன்று, நம்மையும்தான். ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நாம் கூடிப் பேசப்போகும் பேச்சை அஞ்சுகிறாள். திருமணம் நின்றுபோன குடும்பத்தைக் காரணம் துருவாமல் அன்போடு வரவேற்கும் பங்கில்தான், ஒரு பெண் அச்சமின்றி "ஆம்" என்று சொல்ல முடியும். "இல்லை" என்று சொல்ல இடமிருக்கும் இடத்தில்தானே "ஆம்" என்பதற்குப் பொருளுண்டு.

ஆகவே அன்பார்ந்த பெற்றோரே, மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் உங்கள் பிள்ளையைத் தனியே அமர்த்தி, விடையை முன்கூட்டியே எழுதிவைக்காமல் வினவுங்கள். ஓலை வாசிக்கும் நாட்களில் மறுபடியும் ஒருமுறை வினவுங்கள். உழவன் பயிருக்கு முன் நிலத்தைப் பண்படுத்துகிறான். ஆயிரங்காலத்துப் பயிருக்கு நிலம் மணமக்களின் உள்ளமே. அவ்வுள்ளம் உரிமையோடு திறந்திருக்குமாயின், பந்தல் சிறிதாயினும் பெரிதாயினும், கானாவூருக்கு வந்தவர் அங்கும் விருந்தினராக வந்து அமர்வார்.