பதக்கம் கேட்பது பற்றாகுமா?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவு இந்தியக் குடியரசைவிடப் பழையது. இன்று மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9ஆவது பட்டாலியனாக இருக்கும் படை, 1704இல் பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் அரசரின் காவற்படையாகத் தொடங்கியது. 1741இல் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த வெற்றியை அந்த ரெஜிமென்ட் இன்றும் கொண்டாடுகிறது. இவ்வளவு நீண்ட மரபுள்ள மண்ணில் ஒரு சின்ன விஷயம் தீராமல் கிடக்கிறது. கலர் சர்வீஸ் என்ற முழுநேரப் படைப்பணியை முடித்து ஊர் திரும்பி, ரிசர்வில் பெயர் இருந்ததால் சண்டைக் காலத்தில் மறுபடியும் கூப்பிடப்பட்டுப் போய் வந்த ஒருவரின் டிஸ்சார்ஜ் புக்கில், அவருக்குச் சேர வேண்டிய பதக்கங்கள் ஏறாமலே போய்விடுகின்றன. எண்பது வயதில் அதைத் திருத்தித் தரும்படி அவர் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுகிறார். உடனே ஒரு கேள்வி எழுகிறது; வெளியாரைவிட வீட்டாரும் ஊராருமே அதைக் கேட்கிறார்கள். கடமையைச் செய்தாயிற்று, இந்த வயதில் பதக்கத்தின் மேல் என்ன பற்று? பக்தியுள்ளவர்கள் கேட்பதால் இது பாதி மதக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. அந்த மனுவில் பற்று இல்லை, அது உண்மைக்காகப் போடப்படும் மனு என்பது என் வாதம்.

முதலில் பதிவு எப்படி விடுபடுகிறது என்று பார்ப்போம். 1965 சண்டைக்கான சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும் 1967இல்தான் ஏற்படுத்தப்பட்டன. 1971 சண்டைக்கான பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் ஆகியவை 1973இல் வந்தன. நிரந்தரப் படையில் இருந்தவருக்கு அவருடைய யூனிட்டே பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவு உத்தரவைப் போட்டு, ஷீட் ரோல் என்ற அவருடைய சேவைப் பதிவேட்டில் ஏற்றிவிடும். நிலைமை சீரானதும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ரிசர்வ் ஆளோ, பதக்கம் பிறக்கும் முன்பே டிஸ்சார்ஜ் புக்கைக் கையில் வாங்கிவிட்டார். அவருக்காக ஆர்டர் போட யூனிட்டில் யார் இருந்தார்கள்? ஓய்வூதியம் வாங்காதவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 ஆண்டு கழித்து அழித்துவிடலாம் என்று ராணுவ விதிமுறை சொல்கிறது. அழித்த பிறகு எஞ்சுவது லாங் ரோல் என்ற பேரேட்டில் சில வரிகள் மட்டுமே. ஆகவே அவருடைய பதக்கக் கட்டம் வெறுமையாக இருப்பதற்கு அவருடைய சேவையில் எந்தக் குறையும் காரணமில்லை. காலண்டரும் அலுவலக நடைமுறையும் சேர்ந்து செய்த பிழை அது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். வீரதீர விருதுகளுக்கு மாதப்படி உண்டு. சேவைப் பதக்கங்களுக்கு ஒரு பைசாவும் கிடையாது. பணத்துக்காகக் கேட்கிறார் என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

இனி, இருப்பதிலேயே வலுவான மறுப்புக்கு வருவோம். கன்னியாகுமரியில் இருந்துகொண்டு கர்மயோகத்தைத் தவிர்த்துவிட்டு இதைப் பேச முடியாது. 1892 டிசம்பரில் இங்கே பாறையில் தியானம் செய்த விவேகானந்தர், பின்னாளில் கர்மயோகம் பற்றிய சொற்பொழிவுகளில், உலகின் மாமனிதர்கள் யாரும் அறியாமலே மறைந்து போனவர்கள் என்றார். பெயர் தெரியாமல் போவதை அவர் குறையாக நினைக்கவில்லை, நிறைவாகவே கண்டார். பலனில் உரிமை கொண்டாடாதே என்று கீதை சொன்னதும் ஒரு படைவீரனிடம்தான். அப்படியானால் பதக்கம் கேட்கும் கிழவர் அந்தப் போதனையிலிருந்து வழுவியவரா? கீதையையே திறந்து பார்க்கலாம். பலனை விடு என்ற உபதேசம் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. முதல் அத்தியாயத்தில் இருப்பது என்ன? இரண்டு பக்கத்து வீரர்களின் பெயர்ப்பட்டியல். யார் யார் வந்து நிற்கிறார்கள், யார் எந்தச் சங்கை ஊதினார்கள் என்பதுவரை சஞ்சயன் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். பற்றை விடச் சொல்லும் நூலே வீரர்களின் பெயரை எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறது. காரணம், உபதேசம் அர்ச்சுனனுக்கு. கணக்குச் சொல்வது சஞ்சயனின் வேலை. அர்ச்சுனன் பலனை மறக்கலாம், சஞ்சயன் பெயரை மறக்கக் கூடாது. செய்தவனுக்குச் சொன்ன துறவை, அதனால் பயனடைந்தவன் தன் மறதிக்குச் சாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. புகழ் வேண்டாம் என்று போதித்த விவேகானந்தருக்கு, சாமானியர்கள் ஒரு ரூபாய் இரண்டு ரூபாயாகக் கொடுத்த பணமும் சேர்ந்து 1970இல் அதே பாறையில் மண்டபம் எழுந்தது. அதனால் அவருடைய துறவுக்குப் பங்கம் வந்துவிடவில்லை. அவர் அதைக் கேட்கவில்லை. நன்றி சொல்ல வேண்டிய கடன் மற்றவர்களுக்கு இருந்தது.

இரண்டாவது மறுப்பு கடவுளைச் சாட்சிக்கு அழைக்கிறது. மேலே இருப்பவனுக்குத் தெரியும், கீழே எதற்கு எழுத்து? இந்த மாவட்டத்தில் கோவிலுக்குப் போகிறவரும் சர்ச்சுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் ஒரே குரலில் இதைச் சொல்வார்கள். வலது கை கொடுப்பதை இடது கை அறிய வேண்டாம் என்று மலைப்பிரசங்கம் சொல்கிறது. யமனுடைய சபையில் சித்திரகுப்தன் கணக்கு எழுதுகிறான். காஞ்சிபுரத்தில் அவனுக்குக் கோவிலே உண்டு. ஒவ்வொரு மனிதனின் செயலையும் பதிவுசெய்யும் மாண்புமிகு எழுத்தர்களாக வானவர்கள் இருக்கிறார்கள் என்பது இஸ்லாத்தின் நம்பிக்கை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. பிழையில்லாமல் எழுதுவதை இந்த மரபுகள் எல்லாமே புனித வேலையாக மதித்திருக்கின்றன. எல்லாம் அறிந்த கடவுளுக்கே ஒரு கணக்கர் உண்டு என்று நம்பும் சமூகம், மனிதக் கணக்கர்கள் அலட்சியமாக இருக்கலாம் என்று எப்படிச் சொல்லும்? கடவுளின் ஏடு கடவுளுக்கு. பூமியின் ஏடு பேரப்பிள்ளைகளுக்கு.

இதற்கு இந்த மாவட்டத்திலேயே பெரிய சான்று உண்டு. நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசாங்க வேலையில் இருந்தபோது, குளச்சலில் தோற்ற டச்சுப் படைத் தலைவர் டி லனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு அவர்மேல் சாட்டிய குற்றம் உண்மையா, மதமே காரணமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அதற்குள் நான் போகவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை செய்ததை மட்டும் கவனிப்போம். ஆவணங்களைத் தேடி, விசாரணை நடத்தி, 2012 டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் அருளாளர் என்றும், 2022 மே 15இல் வத்திக்கானில் புனிதர் என்றும் அறிவித்தது. நடுவே, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை எடுக்க வேண்டும் என்று எழுந்த கோரிக்கையையும் ஏற்று, தேவசகாயம் என்றே அறிவித்தது. புனிதர் பட்டம் ஒருவரைப் புனிதராக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் நிலையை அறிவிக்கிறது என்பதே அந்தச் சபையின் போதனை. கடவுளுக்குத் தெரிந்திருந்தும், 270 ஆண்டு கழித்து ஏட்டைத் திருத்துவது வீண் வேலை என்று மலைப்பிரசங்கத்தை வேதமாகக் கொண்டவர்கள் நினைக்கவில்லை.

தமிழ் மரபில் இந்த எண்ணம் மிகப் பழையது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. அதில் ஒரு கல்லில் இருப்பவை மூன்றே செய்திகள்: இறந்தவனின் பெயர், ஊர், எந்த ஆநிரைப் பூசலில் இறந்தான் என்பது. பாராட்டு ஒரு சொல்லும் இல்லை. இன்றைய சேவைப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் வீரரின் நம்பர், ரேங்க், பெயர், பிரிவு பொறித்திருக்கும். முகப்பில் எந்தச் சண்டை என்பது இருக்கும். ஈராயிரம் ஆண்டுக்கும் மேலாகப் படிவம் மாறவில்லை. செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, தலைவன் விழுந்த இடத்தில் நின்று திருடர்களை எதிர்த்த நாயின் பெயரையும் கோவிவன் என்று எழுதி வைத்திருக்கிறது. அரச வரலாறு விட்டதைப் பாட்டு பிடித்து வைத்த இடங்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையோடு நாகர்கோவிலுக்கு அருகே கணியாகுளத்தில் மோதி மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையை நாஞ்சில் நாட்டுக் கதைப்பாடல்தான் காப்பாற்றிக் கொடுத்தது. ஆனால் தலைவனுக்குப் பாட்டு கிடைத்தது, சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. உதயகிரிக் கோட்டையில் டி லனாயின் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. குளச்சலில் அவரைத் தோற்கடித்து நின்ற காலாட்களின் பெயர்களை எந்தக் கல்லில் படிப்பது? 2019இல் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் உயிர் கொடுத்த சிப்பாய்களின் பெயர்கள் கருங்கல்லில் ஆயிரக்கணக்கில் இருப்பதை நான் பெரிய நியாயமாக மதிக்கிறேன். உயிரோடு திரும்பியவருக்குக் கல் கிடையாது. அவருடைய கல் டிஸ்சார்ஜ் புக்தான்.

சரி, பதிவு வேண்டும். அதை அவரே கேட்பது தற்புகழ்ச்சி ஆகாதா? நம்மவர்களுக்கு இந்தக் கூச்சம் ஆழமானது. அந்தக் கூச்சத்துக்கு விலக்கும் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தன்னைத் தான் புகழ்வது எங்கெல்லாம் தகும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வரையறுக்கிறார்: மன்னன் சபைக்கு ஓலை அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. அந்தச் சூத்திரம் புலவனுக்குச் சொன்னது, பட்டாளத்துக்காரருக்கு அல்ல என்று யாராவது சொல்லலாம். ஆனால் அரசுக்கு மனு எழுதுவதும், தன்னை அறியாதவர்முன் நிற்பதும் முதல் இரண்டு இடங்களாக வருவதைப் பாருங்கள். தன்னைத் தான் புகழ்வது தகாது என்று விதித்த அதே சமண முனிவர், அடக்கம் அநீதிக்குத் துணைபோகும் இடங்களைத் தெரிந்து வைத்திருக்கிறார். எனக்கு உண்மையில் வலிப்பது இந்த இடம்தான். ஐம்பது ஆண்டு தன் சண்டையைப் பற்றி வாய் திறக்காத ஒரு மனிதரை, நான் அங்கே இருந்தேன், இதைச் செய்தேன் என்று தானே எழுதி அட்டெஸ்டேஷன் வாங்க வைக்கிறது நடைமுறை. அந்த அவமதிப்பைச் செய்தது அலுவலகம். பழி மட்டும் அவர் தலையில். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம்மிடம் வந்த எளிய மக்களைத் தலைப்பாகை கட்டி நின்று வணங்கச் சொன்னார். தலைப்பாகை மறுக்கப்பட்டவர்களுக்கு அது செருக்கு ஆகாது, மீட்கப்பட்ட மானம் என்பது அவர் கண்ட நியாயம். அகந்தையை விடு என்ற உபதேசத்தை, உரியதே கிடைக்காதவரிடம் போய்ச் சொல்வதில் என்ன அறம் இருக்கிறது?

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. இதை நான் லேசாக எடுக்கவில்லை. ஆவணம் இல்லாமல் பேச்சை நம்பிப் பதக்கம் கொடுத்தால் பொய்க்காரர்களும் வருவார்கள், உண்மையாகப் பெற்றவர்களின் பதக்கத்துக்கும் மதிப்புப் போகும். சரிதான். அதனால்தான் இதை இரக்கப் பிரச்சினையாக்காமல் உண்மைப் பிரச்சினையாக வைக்கிறேன். உண்மை இரண்டு பக்கமும் வெட்டும். தகுதியில்லாத பதிவு இருந்தால் நீக்கத்தான் வேண்டும். ஆனால் ஆதாரம் என்பது ஒரே காகிதம் அல்ல. அதே யூனிட்டில் இருந்தவரின் சாட்சி, சம்பளப் பேரேடு, யூனிட்டின் போர்க் குறிப்பேடு, அந்த நாளில் எழுதிய கடிதம் எல்லாமே எடை போடத் தக்கவை. விடுதலைப் போராட்ட வீரர்களின் ஓய்வூதியம் குறித்த குர்தியால் சிங் வழக்கில், கிரிமினல் வழக்குக்குரிய ஆதாரத்தை இவர்களிடம் கேட்கக் கூடாது, நிகழ்ந்திருக்கக்கூடிய வாய்ப்பு எந்தப் பக்கம் கனக்கிறது என்று பார்த்தால் போதும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, ராணுவப் பதிவில் உள்ள பிழையையும் அநீதியையும் திருத்தவே தனி வாரியங்கள் வந்தன. 1973இல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. அங்கே மாற்று ஆவணங்களைக் கொண்டு பதிவை மீட்டுக் கொடுக்கிறார்கள். ஆர்க்டிக் கடலில் சரக்குக் கப்பல்களோடு போன இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கு பிரிட்டன் 2013இல் தனி ஸ்டார் ஏற்படுத்தியது. தாமதமாகிவிட்டது என்பது மறுக்கக் காரணம் ஆகவில்லை. நம்மிடம் ஆவணம் தீயில் போகவில்லை, விதிப்படி அழிக்கப்பட்டது. அழித்தவர் நிறுவனம் என்னும்போது, இல்லாத காகிதத்தைக் கொண்டுவா என்று தனிமனிதரிடம் கேட்பது நியாயமில்லை. நிரூபிக்கும் சுமையில் பெரும்பங்கு நிறுவனத்தின் மேல் விழ வேண்டும்.

1965இல் இருபத்தைந்து வயதில் போனவருக்கு 2025இல் எண்பத்தைந்து. சாட்சி சொல்லக்கூடிய அவருடைய கூட்டாளிகளுக்கும் அதே வயதுதான். ஆகவே ரெக்கார்ட் ஆபீஸ்கள் மனு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சண்டைக் காலத்தில் ரிசர்விலிருந்து அழைக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலை லாங் ரோலோடு ஒப்பிட்டு, விடுபட்டவர்களுக்கு அவர்களே எழுத வேண்டும். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், பழைய டிஸ்சார்ஜ் புக்கையும் கடிதங்களையும் எடுத்து வைத்து, எந்த யூனிட், எந்த இடம், யார் உடனிருந்தார்கள் என்று அவர் வாயால் சொல்லக் கேட்டு இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் மனுப் போடுங்கள்.